இடதும் வலதும்

ரிமோட் வண்டி மறுபடியும் குரோட்டன்ஸ் தொட்டியில் போய் முட்டி நின்றது. ஜெஸ்மி விசையிலிருந்து விரலை எடுத்தாள். சக்கர நாற்காலியில் இருந்த யோவான், மடியில் வைத்த தலையணைமேல் இருந்த ரிமோட்டை இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"எதிரு," என்றார்.

"எதிருல தொட்டிதாம்ப்பா இருக்கு. நீங்க அதுக்க நேர்க்கே திருப்புதீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யோவான் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். களியக்காவிளை வழித்தடத்தில் பாதி ஆயுள் போயிற்று. சித்திரையில் வந்த பக்கவாதம் உடம்பின் வலப்பக்கத்தையும், கூடவே பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய சொற்கள் ஒன்றிரண்டாக, இடம் மாறி வந்து விழும். கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வேலை கொடுங்கள் என்று பிசியோதெரபிக்காரர் சொன்னபோது, மகள் ஜெஸ்மி திருவனந்தபுரத்தில் இந்தக் குட்டி லாரியை வாங்கினாள். ரிமோட்டில் உள்ள சிறிய ஸ்டியரிங்கை அவர் இடது கையால் திருப்புவார். ஓட்டும் விசையைப் பக்கத்தில் இருப்பவர் அழுத்த வேண்டும். ஜெஸ்மி சனிக்கிழமைதோறும் வந்து அழுத்தினாள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு துணி துவைக்கிற கல்லில் மோதி, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டார் கருகிப்போனது. ஆன்லைனில் வேறொன்று வரவழைத்து ஜெஸ்மியே மாட்டினாள். அதே வாரம் யோவானுக்கு மூளையில் இன்னொரு சிறிய அடைப்பும் வந்தது. அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காக ஓடவில்லை. கோளாறு வண்டியிலா, மனிதரிலா என்று ஜெஸ்மிக்குத் தெரியவில்லை. அவளுடைய அம்மா தங்கபாய்க்குச் சந்தேகமே இல்லை.

சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் புறப்பட்டு வந்த தங்கபாய் வாசல்படியில் நின்றாள்.

"ஏட்டி, அவியள வெயிலத்து வச்சிருக்காத. எடது ஏது வலது ஏதுன்னு அவியளுக்கு இப்பம் தெரியாது. அந்த வண்டியப் போட்டு என்னத்துக்கு உருட்டுத?"

இதை அவர் முன்னால்தான் சொன்னாள். இப்போதெல்லாம் அப்படித்தான். போன வாரம் கருங்கலிலிருந்து தன் தங்கை ராகேல் வந்திருந்தபோது, தங்கபாய் அவருக்கு விரிப்பு மாற்றிக்கொண்டே, "இப்பிடிக் கெடந்து சீரழியதுக்குக் கர்த்தர் சட்டுன்னு எடுத்தாருன்னா கொள்ளாம்," என்றாள். தூக்கமில்லாமல் அவளுடைய கண்கள் குழிந்திருந்தன. யோவான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தபடி கிடந்தார். ஜெஸ்மி தலையணை உறையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அம்மா கேட்டைத் தாண்டியதும் ஜெஸ்மி திருப்புளியை எடுத்தாள். ரிமோட்டில் கை வைக்காவிட்டாலும் வண்டி இடப்பக்கமாக இழுத்தது. இழுப்பைச் சரிசெய்யும் சிறிய குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தாள். போதவில்லை. வண்டியைத் தன் பக்கம் முகம் பார்த்தபடி ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்தாள். குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, முதலில் ரிமோட்டையும் பிறகு வண்டியையும் ஆன் செய்தாள். சர்வோவின் தலையில் இருந்த சிறிய பிளாஸ்டிக் கையைக் கழற்றி, கோணல் இல்லாமல் திரும்ப மாட்டி முறுக்கினாள். இப்போது சக்கரங்கள் நேராக நின்றன. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். சக்கரங்களும் அவளுடைய இடப்பக்கமே திரும்பின.

"செரியாயிட்டுப்பா."

"பொறகே," என்றார் யோவான்.

"பொறவு ஓட்டலாமா? தூக்கம் வருதா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. "பொறகே. பொறகே." இடது கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தன்பக்கம் மடக்கி மடக்கி அசைத்தார். ஜெஸ்மி அந்தக் கையையே பார்த்தாள். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் பின்னால் போய் நின்று, வரட்டும் வரட்டும் என்று காட்டுகிற அசைவு அது. பொறவு அல்ல, பொறகே; பின்னால் போகச் சொல்கிறார்.

அவள் வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பின்னால் போய் நின்றாள். வண்டி பார்க்கும் திசையையே தானும் பார்த்தாள். யோவான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார்.

முன்சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பின.

"எதிரு," என்றார் அவர், அவசரமில்லாமல்.

புது சர்வோ பழையதற்கு நேர்மாறாகச் சுற்றுகிறது. இவ்வளவு நாளும் வண்டியை முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்ததால் அவளுக்கு அது சரியாகத் தெரிந்திருக்கிறது. ரிமோட்டின் அடியில் திசையை மாற்றுவதற்கென்றே ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. திருப்புளி நுனியால் அதை மறுபக்கம் தள்ளினாள்.

பிறகு ஓட்டினார்கள். அவள் விசையை அழுத்தினாள், அவ்வளவுதான். வண்டி கிணற்றைச் சுற்றி, கேட்வரை போய்த் திரும்பியது. இரண்டு தொட்டிகளுக்கு நடுவே லாரியின் அகலத்துக்குமேல் விரற்கடைதான் இடம் இருந்தது. எதிலும் உரசாமல் அதற்குள் நுழைந்து வெளியே வந்தது. யோவானின் வாயில், அசையும் பக்கம் லேசாக மேலே ஏறியது.

"நேரே," என்றார்.

ஜெஸ்மி விசையை விட்டாள். "அப்பா, ஒங்களுக்கு எல்லாம் வெளங்குது, இல்லியா? நாங்க பேசதெல்லாம்."

தங்கபாய் போன கேட்டையே அவர் பார்த்தார். பிறகு அவளுடைய விரலைப் பிடித்து, திரும்ப விசைமேல் வைத்தார்.

தங்கபாய் வந்தபோது அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"வண்டி செரியாயிட்டும்மா," என்றாள் ஜெஸ்மி.

"நல்லது," என்று சொல்லிவிட்டு அம்மா சேலையை மாற்றப் போனாள். கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள் அவரை இரண்டுமுறை கூப்பிட்டாள். கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்தாள். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மடங்கியிருந்த காலை நீட்டிவிட்டாள்.

"ஜெஸ்மி, இங்க வா மோளே," என்றாள். சத்தம் போடவில்லை.

மறுநாள் மதியம் முற்றத்துப் பந்தலின்கீழ் பெட்டியை வைத்திருந்தார்கள். தொட்டிகளை யாரோ சுவர் ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் ராகேல் சித்தி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்ல சாவு. அத்தானுக்குக் கடைசி நேரத்துல ஒண்ணும் தெரியாது. எதுவும் அறியாத போயிட்டாவ."

தங்கபாய் மகளின் கையைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தாள்.

"அந்த வண்டி. அவியதான் ஓட்டினாவளா?"

"ஆமாம்மா."

"நீ பிடிச்சுக் கொடுக்காதயா?"

"நான் ஒண்ணும் செய்யல்ல. வண்டிதான் தப்பு. அப்பா செரியாத்தான் திருப்பியிருக்காவ."

வந்திருந்த ஒருத்தி தங்கபாயின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"அப்பம் அவியளுக்கு எல்லாம் வெளங்கிச்சு," என்றாள்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜெஸ்மியின் நாக்குவரை வந்தது.

"வெளங்கிச்சும்மா," என்றாள்.

உபதேசியார் யேசுதாசன் பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்று பாட்டுப் புத்தகத்தை விரித்தார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தங்கபாயும் எழுந்தாள். பெட்டியருகே போனாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவருடைய காதருகே வாயைக் கொண்டுபோய் ஏதோ சொல்லத் தொடங்கினாள். பின்னால் நின்ற ஜெஸ்மிக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை நிறுத்தினாள். மறுபடியும் தொடர்ந்தாள்.

உபதேசியார் பக்கத்துக்குள் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, காத்து நின்றார்.