வெயில் விழும் முன்னறை

"அம்மா, இந்த வீட்டுக்காரங்க எப்ப திரும்பி வருவாங்க?"

மூன்று வயதில் அவள் மகன் கேட்ட கேள்வி. அப்போது அவள் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி மாணவி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள்.

"வரமாட்டாங்கடா. இப்ப இது யுனிவர்சிட்டி."

அவன் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? விக்டோரியா ராணி காலத்தில் ஒரு மர வியாபாரி பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. நுழைந்ததும் பாய் விரித்தாற்போல் சிவப்பும் கறுப்புமாய் ஓட்டுத் தரை. எத்தனையோ கைகள் தடவித் தடவி வழுவழுத்துப்போன மாடிப்படிக் கைப்பிடி. கூரையோரம் சுண்ணாம்பில் ஓடும் திராட்சைக் கொடி. அதில் ஒரு கொத்து மாதிரி இன்னொரு கொத்து இருக்காது. வியாபாரி குடும்பத்துக்குப் பின் மருத்துவமனையாகி, பெண்கள் விடுதியாகி, கடைசியில் துறையின் கைக்கு வந்தது.

வீட்டின் உயிர் முன்னறையில்தான். சுவரைவிட்டுப் பிதுங்கி நிற்கும் மூன்று பக்க ஜன்னல் வழியே குளிர்காலத்திலும் வெயில் வந்து உட்கார்ந்திருக்கும். அது துறைத்தலைவரின் அறை. ஆராய்ச்சி மாணவர்களுக்கோ, அந்தக் காலத்து வேலைக்காரர்கள் படுத்த உச்சிமாடி. பின்பக்கக் குறுகல் படியில் ஒருவர் ஏறினால் எதிரே வருபவர் காத்துநிற்க வேண்டும்.

மேலே குளிரில் பிள்ளைக்கு ஓயாத இருமல். படிப்பே வேண்டாம் என்று அவள் முடிவெடுத்த வாரம், அன்றைய தலைவர் கூப்பிட்டார். "இங்க வெயில் கண்ணைக் குத்துதும்மா. நான் பின்னால போறேன். நீ உட்காரு." பின்கட்டில் இருந்த பழைய பாத்திர அறைக்குப் போய்விட்டார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் இருந்ததில்லை என்பது அவர் காலமான பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

இன்று அவளே துறைத்தலைவி.

"திங்கக்கிழமை முன்னறைக் கதவுல உங்க பேரைப் போட்டுடறேன் மேடம்," என்றார் குமாஸ்தா. "இந்த வீட்லயே ஒழுகாத ஒரே அறை. ராணி மாதிரி உட்காருங்க."

"மேல இருக்கிற பொண்ணு ரெண்டு நாளா கண்ணுல படலையே?"

"கைக்குழந்தைக்காரியா? படிப்பை நிறுத்த ஃபாரம் கேட்டு வந்துச்சு. குழந்தையத் தூக்கிட்டு அந்தப் படி ஏறறதுக்கு மலையே ஏறிடலாம் மேடம். ஃபாரம் தீந்துபோச்சு, திங்கக்கிழமை வான்னு அனுப்பிட்டேன்."

"தீந்துபோச்சா?"

"ஒரு கட்டு இருக்கு," என்றார் அவர், இழுப்பறையை முழங்காலால் மூடிக்கொண்டே.

சனிக்கிழமை காலை வீட்டில் யாருமில்லை. அவள் தன் புத்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பாத்திர அறைக்குச் சுமந்தாள். மூச்சு வாங்கியபோது அலமாரி விளிம்பைத் தடவிப் பார்த்தாள். முன்பக்க மாடிப்படிக் கைப்பிடியில் இருந்த அதே இழைப்பு. யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதைச் செய்த தச்சர் வேலையில் குறை வைக்கவில்லை. அவர் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை, கடவுளுக்குத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை கேட்பார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்யை ஆண்டவன் பெரிதுபடுத்தமாட்டான் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

முன்னறைக்குத் திரும்பி, தவழும் பிள்ளை நுழைந்துவிடாதபடி குளிருக்கு நெருப்பு மூட்டும் கணப்பின் வாயைப் பலகையால் அடைத்தாள். ஜன்னலடியில் ஒரு தொட்டில் போடுமளவுக்கு மேசையை நகர்த்தினாள். கதவில் மாணவியின் பெயரட்டையைச் செருகி, கோணலாயிருந்ததை நேராக்கிவிட்டு, பின்கட்டுக்கு நடந்தாள்.