என் வீட்டில் எனக்கு ஒரு வாரம்

மே மாதம் பிறந்தால் நாங்கள் எங்கள் வீட்டைக் காலி செய்துவிடுவோம். யாரும் துரத்துவதில்லை, நாங்களேதான். துணிமணியைத் தூக்கிக்கொண்டு நானும் என் புருஷன் ஹெட்லியும் வீட்டுக்குப் பின்னால், மேட்டின் மறைவில் சக்கரத்தின்மேல் நிற்கும் பழைய கேரவன் வீட்டு வண்டிக்குள் போய் ஒடுங்குவோம். செப்டம்பர் முடியும்வரை வீடு கோடைக்கு வருகிறவர்களுக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு வருவார்கள், அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குப் போவார்கள், சமையல் அவரவர் பாடு. இங்கிலாந்தின் மூலையில் கார்ன்வாலின் இந்தக் கடற்கரையில் பாதிக் குடும்பங்களுக்குப் பிழைப்பு இதுதான்.

என் கட்டிலில் யாரோ புரளட்டும், என் வாணலியில் யாரோ மீனைக் கருக்கட்டும், அதெல்லாம் பழகிவிட்டது. எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று குளிர்காலம் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், ஹெட்லி அசைந்து கொடுக்கவில்லை. போன ஜூனில் இமோஜன் என்று ஒரு மகராசி லண்டனிலிருந்து வந்தாள். வந்த மறுநாள் பின்வாசலில் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

"மிஸ்டர் டிரெம்பத், இந்தக் குழாய் கொஞ்சம் சொட்டுது..."

"இதோ வந்துட்டேம்மா!"

என் புருஷன் ஓடினான். முட்டிவலி என்று என்னிடம் முனகுகிற அதே ஆள்தான்! அரைமணி நேரத்தில் குழாய் வாயை மூடிக்கொண்டது. சாயங்காலம் நண்டுப் படகிலிருந்து வந்தவன் ஒரு பெரிய நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையெல்லாம் பதமாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்து அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். எனக்கு நண்டு ஓட்டோடுதான் வரும். "நீதான் உடைச்சுக்குவியே" என்பான்.

அவள் ஒன்றும் பேரழகி இல்லை. ஆனால் எனக்கு அழகிகள் மேல் மட்டுமா பொறாமை? கைத்தடியோடு வருகிற பல்போன கிழவி மேலும் பொறாமைதான். "வேற என்னம்மா வேணும்?" என்று ஹெட்லி யாரைக் கேட்டாலும் எனக்கு உள்ளே பற்றிக்கொள்ளும். என்னை அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

அன்றைக்கு விடவில்லை.

"எனக்கு ஒழுகின குழாய் அவளுக்கு மட்டும் எப்படி நின்னுச்சு?"

"அவங்க காசு குடுத்துத் தங்கறாங்க, கெரன்சா."

"அப்ப நான்?"

"நீ வீட்டு ஆளு."

வீட்டு ஆளாம்! கோடை முழுக்க வீட்டுக்குள்ளேயே இல்லாத வீட்டு ஆள்.

அதே வருஷம் ஜூலையில் வரவேண்டிய ஒரு குடும்பத்தலைவர் காலை முறித்துக்கொண்டார், வாரம் காலியாயிற்று. ஹெட்லி வேறு ஆள் தேடப் போனான். "தேடாதே, ஆள் இருக்கு" என்றேன். சனிக்கிழமை வழக்கம்போல நானே வீட்டைக் கழுவி, விரிப்பு மாற்றி, மேசைமேல் ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் பாலேடும் வைத்தேன். நாலு மணிக்குப் பெட்டியோடு முன்வாசல் வழியாக வந்து மணி அடித்தேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்றான்.

"சாவி குடுங்க, மிஸ்டர் டிரெம்பத். வழியெல்லாம் ஒரே நெரிசல், அலுத்து வந்திருக்கேன்."

முறைத்துப் பார்த்தான். சாவியைக் கொடுத்துவிட்டுக் கேரவனுக்குப் போய்விட்டான்.

மறுநாள் போன் செய்தேன். "அடுப்பு பத்த மாட்டேங்குது."

ஒரு செருமல் கேட்டது. பிறகு, "வந்துட்டேம்மா."

தலைவாரிக்கொண்டு வந்திருந்தான்! அடுப்பைப் பற்றவைத்தான். கிளம்பாமல் நின்று, எந்தப் பாறையில் கடல்நாய்கள் வெயில் காயும், ஓதம் ஏறும்போது எந்தக் குகைப்பக்கம் போகக் கூடாது என்றெல்லாம் சொன்னான். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற பாறைகள்தான். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "டீ பிரமாதம்மா" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் போட்ட டீக்கு வாயைத் திறந்ததில்லை.

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. யார் இவள், இவளிடம் என் புருஷன் இப்படிக் குழைகிறானே என்று எனக்கு என் மேலேயே பொறாமை. இப்படிக்கூட உண்டா?

அடுத்து அலமாரிக் கதவு, அதற்கடுத்து கொடிக்கயிறு. கூப்பிட்டபோதெல்லாம் வந்தான். புதன்கிழமை ஓயாத மழை, படகு எடுக்கவில்லை. நான் கூப்பிடாமலேயே வந்து கதவைத் தட்டினான். உடைத்த நண்டு ஒரு கிண்ணம் கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் கூட வரலியாம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டான்.

"இல்ல. அவருக்கு வேலை."

"எப்படிப்பட்டவரு?"

 கேட்டுவிட்டானே, சொல்லாமல் விடுவேனா!

"நல்லவர்தான். ஊருக்கே நல்லவர். யார் கூப்பிட்டாலும் ஓடுவார். நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காது. அவர் ஓடிப்போய் நிக்கிற ஒவ்வொரு பொம்பளையையும் பாத்து எனக்கு எரியுது. வெக்கங்கெட்டுச் சொல்றேன், எரியுது."

ஹெட்லி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"சனிக்கிழமை கிளம்பிப் போயிடறவங்ககிட்ட நல்லவனா இருக்கறது சுலபம்மா" என்றான். "ஒரு வாரத்துல நம்ம குட்டு வெளிப்படாது. அவருக்கு... பொண்டாட்டிக்கு எல்லாக் குட்டும் தெரியும். அவ முன்னாடி ஓடியாடி நின்னா, நடிக்கறான்னு நெனப்பாளோன்னு கூச்சமா இருந்திருக்கும்."

"நடிக்கவா சொன்னேன்? கூப்பிட்டா வரச் சொன்னேன். அவ்வளவுதான் நான் கேட்டது."

அதற்கும் தொப்பியைத்தான் திருப்பினான். எனக்கு வந்த கோபத்தில், "நீங்க கிளம்புங்க மிஸ்டர் டிரெம்பத், நான் ஓய்வெடுக்கணும்" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். மழையில் நனைந்துகொண்டே போனான். போகட்டும் என்று இருந்தேன். அதற்குப் பிறகு நான் போன் செய்யவில்லை, அவனும் தட்டவில்லை. நண்டை மட்டும் ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு என் பெட்டியைக் கட்டி வெளியே வைத்தேன். நாலு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள். இனி வாளியும் துடைப்பமும்தான். இப்படி ஆள் மாறும் சனிக்கிழமைகளில் ஹெட்லி விடியும்முன்பே நண்டுக்கூடை பார்க்கப் போய்விடுவான், வீடு மின்னிய பிறகுதான் திரும்புவான். நான் தனியாக மாடியும் கீழுமாக ஏறி இறங்குவேன்.

விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு வந்து அறை வாசலில் நின்றான். அன்றைக்குப் படகு எடுக்கவில்லை.

"நீ கூப்பிடல" என்றான்.

"கூப்பிட்டு அலுத்துப் போச்சு."

"இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரேன்."

நான் அவனைப் பார்க்காமல் சொன்னேன். "ஹெட்லி, இங்க வா. இந்தப் போர்வை உறையோட அந்த முனையைப் பிடி."

வந்தான். பிடித்தான். அந்த வேலையில் அவனுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. போர்வைக்குப் பதில் தன் தலையை உறைக்குள் விட்டுக்கொண்டு, "எந்தப் பக்கம் வெளியே வரணும்டி?" என்று உள்ளேயிருந்து கத்தினான். நானும் அடக்கமுடியாமல் சிரித்தேன். ஒரு கட்டிலுக்கு நான் எடுக்கும் நேரத்தைவிட மூன்று மடங்கு ஆயிற்று.

இரண்டாவது கட்டிலில் பாதியில் நிற்கிறோம், கீழே கார் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சிவப்பு கார், கறுப்புக் கண்ணாடி, வடிவான பெண் ஒருத்தி.

"மிஸ்டர் டிரெம்பத் இருக்காரா? பெட்டி ரொம்ப கனம், கொஞ்சம் வந்து தூக்கிக் குடுங்களேன்!"

ஹெட்லியின் கால் பழக்கதோஷத்தில் படிப்பக்கம் திரும்பிவிட்டது. நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்க முனையைப் பிடித்தபடி நின்றேன்.  போனால் போகட்டும், ஆனால் இந்தத் தடவை போனால் எனக்கு அவன் வேண்டாம்.

அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"வீடு நாலு மணிக்குத்தாம்மா."

"ஒரு நிமிஷ வேலைதானே?"

"ஒரு நிமிஷம்தான். ஆனா என் பொண்டாட்டி முதல்ல கூப்பிட்டுட்டா."

திரும்பி வந்து விரிப்பின் முனையைப் பிடித்தான். தலைகீழாகத்தான் பிடித்தான், நான் திருத்தவில்லை.

கீழே அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் விரிப்பை உதறுவது அங்கிருந்து நன்றாகத் தெரிந்திருக்கும். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அது எப்படிப்பட்ட முகம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம், எத்தனையோ கோடை நானே சுமந்த முகம். பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.