உட்கார்ந்து பார்க்கிற வேலை

“படிச்சு முடிச்சு நீ என்னவா ஆகப் போற?” என்று ஒரு நாள் வகுப்பு டீச்சர் அவளைக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் டாக்டர், போலீஸ் என்று அளந்துகொண்டிருந்த நேரம். இவள் தலையைக் குனிந்தபடி, “உக்காந்து பாக்குற வேலை, டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்திருக்கும் நரம்புகளுக்குத் தினமும் எண்ணெய் தடவிவிடுகிறவள் அவள்தான்.

படிப்பு பாதியில் போயிற்று. கிடைத்த வேலையும் நின்றே பார்க்கிற வேலைதான்.

விடிவதற்கு முன்பே சலவைக் கூடத்தில் கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். விடுதிகளின் விரிப்புகளும் ஆஸ்பத்திரி விரிப்புகளும் துவைத்த ஈரத்தோடு வண்டி வண்டியாக வந்து குவியும். ஜோடியாக நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, தகிக்கும் இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். ஒருத்தி முந்தினால், பிந்தியவளின் கையைத் துணியே உள்ளே இழுக்கும். ஆவியில் முகம் வேகும். சோப்புக் காரம் விரலிடுக்கைத் தின்னும். மதியத்துக்குள் பாதங்கள் செருப்புக்கு அடங்காமல் வீங்கிவிடும்.

அவள் கையின் வேகம் அங்கே யாருக்கும் வராது. முதலாளியே “மின்னல்” என்று பேர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை ஒன்றுக்கும் மெச்சியதில்லை. அதனால் அந்தப் பேர் பிடித்துத்தான் இருந்தது.

அந்த மெச்சல்தான் எல்லோர் தலையிலும் கல்லைப் போட்டது. “மின்னலால முடியுது. உங்க கைக்கு மட்டும் என்ன, பூட்டா போட்டிருக்கு?” என்று முதலாளி உருளையின் வேகத்தைக் கூட்டினார். அவள் போடுகிற அளவே எல்லோருக்கும் அளவு. குறைந்தால் கூலியில் பிடித்தம். கை நெருங்கினால் உருளையை நிறுத்திவிடும் கம்பி ஒன்று முன்னால் இருந்தது. அது சும்மா சும்மா வேலையை நிறுத்துகிறதென்று அதையும் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்.

போன வாரம் அவளுடைய ஜோடியின் கை உள்ளே போய்விட்டது.

வாயாடியக்கா என்பார்கள். உருளைச் சத்தத்தை மீறிக் கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறவள். மின்னலின் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். அன்று மின்னல் கையை விட்டுவிட்டாள், அக்கா விடவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “வாயை மூடிக்கிட்டு வேலை பாத்திருந்தா இது நடக்குமா?” என்றார் முதலாளி. வைத்தியச் செலவு கேட்டதற்குக் காது கேட்காதவராகிவிட்டார்.

நேற்று அவர் மின்னலைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி.

“வாம்மா. இனிமே நீ நிக்க வேண்டாம். இங்க உக்காந்து, யாரு கை மெதுவாப் போகுதுன்னு சொன்னாப் போதும். மாசச் சம்பளம்.”

“வாயாடியக்காவுக்கு...”

“நான் உன்னைப் பத்திப் பேசறேன். மேல வர்றவ கீழ பாக்கக் கூடாதும்மா.”

“அந்தக் கம்பியத் திரும்ப மாட்டுவீங்களா, மொதலாளி?”

“நாற்காலி தரேன்னா, நீ கம்பியப் பிடிச்சுத் தொங்குறியே! நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லு.”

வீட்டுக்குப் போவதற்குள் சேதி அம்மாவுக்கு எட்டியிருந்தது. அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

“யோசிக்கணும்மா.”

“யோசிக்கிறியா? நான் இத்தனை வருஷம் நின்னதுக்கு ஒரு விடிவு வந்திருக்கு, இவ யோசிக்கிறாளாம்! ஒருத்தியாவது இந்த வீட்டுல உருப்பட்டான்னு நான் பாக்க வேண்டாமா?”

உருப்படுவது என்றால் எது? அவள் கையைக் காட்டி மற்றவர்களை விரட்டியது போதாதென்று, முதலாளி இனி கண்ணையும் கேட்கிறார். நாற்காலிமேல் ஆசை இல்லாமலில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வாழ்க்கையில் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் இப்படியா வந்து சேர வேண்டும்?

விடியற்காலையில் சலவைக் கூடத்துக் குழாயடியில், கூட வேலை பார்க்கிற பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கட்டைக்குரல்காரி ஒருத்தி மட்டும் விடவில்லை. “என்ன மேடம், நாற்காலிக்கு மெத்தை தைச்சுத் தரவா?”

“நான் உக்காரலக்கா.” குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னாள். “என்னைக் காட்டித்தானே உங்களை விரட்டுறாரு. நான் மெதுவாப் போட்டா?”

“நீ ஒருத்தி போட்டா உன்னைத் துரத்துவாரு.”

“எல்லாரும் போட்டா?”

“எல்லாரையும் துரத்திட்டு அவரு பொண்டாட்டிய வந்து நிக்கச் சொல்வாரா?” என்றாள் கட்டைக்குரல்காரி. குழாயடியே சிரித்தது. அவர்களிலேயே மெதுவான முட்டிவலிக்காரப் பெரியம்மாவின் வேகம்தான் இனி எல்லோருக்கும் வேகம் என்று அங்கேயே முடிவானது.

சொல்வது சுலபம். மின்னலின் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை; தன்னால் முன்னே பாய்ந்தது. “அடியே, கைக்குக் கடிவாளம் போடுடி!” என்றாள் புது ஜோடியான கட்டைக்குரல்காரி. வேகமாகப் போட்டபோது வராத வியர்வை மெதுவாகப் போடும்போது கொட்டியது. உருளை பாதி நேரம் வெறுமனே சுற்றியது.

முதலாளி வந்துவிட்டார். “என்ன மின்னல், உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்ப போடு, இவங்க பாக்கட்டும்.”

அவள் ஒரு விரிப்பை எடுத்து, நிதானமாக உதறி, பெரியம்மாவின் வேகத்தில் கொடுத்தாள். “கம்பிய மாட்டுங்க. அக்காவுக்கு வைத்தியச் செலவு கொடுங்க. அதுவரைக்கும் எங்க வேகம் இதுதான்.”

“எங்க வேகமா? நாற்காலிக்கு ஆளா கிடைக்காது? நாளைக்கு கேட் திறக்குதான்னு பாருங்கடி!”

“பாக்கத்தானே வரப்போறோம்” என்றாள் கட்டைக்குரல்காரி.

மூலையில் சாத்திய கம்பி அங்கேயேதான் இருந்தது. சாயங்காலம் எல்லோருக்கும் பாதிக் கூலிதான் கிடைத்தது.

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மின்னல் நடந்ததையெல்லாம் சொன்னாள். நாற்காலி போனது, கூலி குறைந்தது, நாளைக்குக் கேட்டைப் பூட்டினாலும் எல்லோருமாக வாசலில் நிற்கப் போவது. “அக்காவால ஒரு பாத்திரம் தூக்க முடியலம்மா. அவ பிள்ளைங்க வெறும் பன்னைத் தின்னுட்டுக் கிடக்குதுங்க.”

அம்மா வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். எத்தனை திட்டினாலும் பதில் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா பானையிலிருந்து பாதிச் சோற்றை அகலப் பாத்திரத்தில் தட்டினாள். மேலே குழம்பை ஊற்றித் தட்டால் மூடினாள். சூடு பொறுக்காமல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மகள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வீங்கிய காலை இழுத்து இழுத்து வைத்து, நாலு வீடு தள்ளியிருந்த அந்த வீட்டை நோக்கிப் போனாள்.