ஒரு டாங்கிளும் ஒரு கார்ச் சாவியும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இணைய இதழுக்கு டாங்கிள் பற்றி மதிப்புரை எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். ஹெட்போன் ஓட்டை இல்லாத போனுக்கு அடியில் செருகுவோமே, சுண்டுவிரல் நீளத்தில், அந்தச் சாமான். போனுக்குள் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காதுக்கு ஏற்ற ஒலியாக மாற்றித் தருவது அதன் வேலை. முதல் வரி இப்படி வந்தது:

"இதைச் செருகிய மறுநிமிடம் உங்கள் பழைய பாட்டுகள் எல்லாம் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்தவைபோல—"

அதற்கு மேல் ஓடவில்லை. டாங்கிள் என்ற சொல்லை எழுதினாலே நேற்று மதியம் மேல்வீட்டில் நடந்ததுதான் நினைவுக்கு வருகிறது. சரி, அதையே எழுதித் தொலைத்துவிட்டு மதிப்புரைக்குத் திரும்பலாம் என்று பார்த்தேன். காலை போய்விட்டது, மதியமும் போய்க்கொண்டிருக்கிறது.

2

இரண்டாவது தொடக்கம்: "ரிஸ்பெக் ஒரு கஞ்சன்."

நல்ல தொடக்கம்தான். பொய் என்பதால் அடித்துவிட்டேன். ஆனால் நேற்று அந்த மேஜையைச் சுற்றி இருந்த எல்லாரும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தோம் என்பதால், அடித்த வரியை உங்கள் கண்ணில் படும்படியே விட்டுவைக்கிறேன்.

ரிஸ்பெக் கஸாக்ஸ்தானின் அல்மாத்தி நகரத்தில் என் மேல்வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். மனைவி குல்யாஷ், நர்ஸ். பிள்ளைகள் இல்லை. ரிஸ்பெக்கின் அக்கா மகள் மக்பால் தராஸ் என்ற ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்தவள், படிப்பு முடிந்தும் அவர்களோடேயே தங்கிவிட்டாள். அவளுக்கு சியோலில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று சாயங்காலம் விமானம்.

ரிஸ்பெக் பள்ளி விட்டு வந்ததும் பால் ஊற்றிய டீயோடு சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்வார். போனில் டாங்கிளைச் செருகி, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தோம்ப்ரா என்கிற இரண்டு தந்தி வாத்தியத்தின் வாசிப்பாகக் கேட்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவர் கிடைக்கமாட்டார், ஏனென்றால் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுவார்.*

* போன் சிக்னல் தேடும்போதெல்லாம் அந்த டாங்கிளில் 'டிர்ர்' என்று ஓர் இரைச்சல் வரும். மதிப்புரையில் குறைகள் பகுதியில் சேர்க்க வேண்டியது. குல்யாஷைக் கேட்டால் குறை டாங்கிளில் இல்லை என்பார்.

3

இனி நடப்பது புரிய ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கட்டுரை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் தாய்மாமன் என்றால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியவர். காதுகுத்தில் தொடங்கினால் அவருக்கு ஓய்வே கிடையாது. கஸாக்குகள் இதில் கணக்கானவர்கள். அக்காவின் பிள்ளை மாமன் வீட்டில் தன் மனசுக்குப் பிடித்ததை மூன்று முறை கேட்கலாம். எதைக் கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. மூன்று முடிந்தால் முடிந்தது.

மக்பால் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு குதிரைக்குட்டியைக் கேட்டு வாங்கினாள். கல்லூரியில் சேர்ந்தபோது ரிஸ்பெக்கின் ஒரே நல்ல தோல் ஜாக்கெட்டை. மூன்றாவதை வைத்துக்கொண்டே இருந்தாள். அது காராகத்தான் இருக்கும் என்று குல்யாஷ் பல வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார்.

4

நேற்று வழியனுப்பு விருந்து. நானும் போயிருந்தேன். (நான் அங்கே இல்லாததுபோல எழுதிப் பார்த்தேன். யாரோ சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது. அதனால் இருக்கிறேன்; ஓரமாக, வாயில் கறியோடு.)

சாப்பாடு முடிந்து டீ வந்ததும் மக்பால் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மாமா, என் மூணாவது."

குல்யாஷின் கை கெட்டிலிலேயே நின்றது. "வந்துட்டாடா சாமி. கேளுடி, கேளு. காருக்குப் புது டயர் மாத்தி ஒரு மாசம்கூட ஆகல."

"காரு யாருக்கு வேணும் அத்தை? பாதி நாளு நீங்கதான எறங்கித் தள்றீங்க." மேஜையில் கிடந்த போனில் தொங்கிய டாங்கிளை ஒரு விரலால் தொட்டாள். "இது."

குல்யாஷ் வாய்விட்டுச் சிரித்தார். "எடுத்துக்கோ தாயீ! இப்பவே புடுங்கிக்கோ. இனிமேலாச்சும் இந்த மனுஷன் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரு."

ரிஸ்பெக் சிரிக்கவில்லை. "வேற கேளும்மா."

"வேற வேண்டாம்."

"இது அங்க கடைக்குக் கடை கெடைக்கும். இதவிட நல்லதா."

"கெடைக்கும். ஆனா அது உங்ககிட்ட இருந்து எடுத்ததா இருக்காதே."

மேஜை முழுக்கக் கேலி கிளம்பியது. "வாத்தியாருக்குக் கையே வரலையே!" என்றான் ஒரு மச்சினன். "குதிரையக் குடுத்த மனுஷன் ஒரு ஒயருக்கு அழுவுறாரு!" என்றாள் ஒருத்தி. ரிஸ்பெக் எழுந்துபோய் கோட்டுப் பையைத் துழாவினார். திரும்பி வந்து டாங்கிளுக்குப் பக்கத்தில் கார்ச் சாவியை வைத்தார்.

"இத எடுத்துக்க."

குல்யாஷ் கெட்டிலை டொக்கென்று வைத்தார். "ஏங்க, உங்களுக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருக்கா?"

5

இங்கே ஒரு சபலத்தை ஒப்புக்கொள்கிறேன். மக்பால் அந்த டாங்கிளை வெடுக்கென்று உருவுகிறாள், பாட்டு போனின் ஸ்பீக்கர் வழியாக அறை முழுக்கக் கொட்டுகிறது, இத்தனை நாள் அவர் ரகசியமாகக் கேட்டது தோம்ப்ரா அல்ல, சின்ன வயசு மக்பாலின் குரல் என்று எல்லாருக்கும் தெரிகிறது, அழுகிறார்கள்—

இல்லை. நான் மதிப்புரைக்காரன். ஒயரை உருவினால் இந்தக் கால போன்கள் பாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். தவிர, அவர் கேட்டது தோம்ப்ராதான்.

6

மக்பால் சாவியைப் பார்த்தாள். "மாமா, கார எப்படி நான் கொரியாவுக்குத் தூக்கிட்டுப் போறது?"

"முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப இங்கயே நிக்கட்டும். நான் தொடச்சு வெக்கிறேன். நீ வந்து எடுத்துக்க."

கேலி அடங்கிவிட்டது. டாங்கிள் அவள் சட்டைப்பையில் போய்விடும், அதோடு மூன்றும் முடிந்துவிடும், பிறகு இந்த வீட்டில் அவள் வந்து கேட்க எதுவும் பாக்கி இருக்காது. அந்த மனிதருக்கு அதுதான் பயம். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மக்பாலுக்கும் புரிந்திருக்க வேண்டும். கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது.

"இப்படிக் கட்டிப் போடாதீங்க மாமா. நான் வருவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது. உங்களது ஏதாச்சும் ஒண்ணு எங்கூட இருக்கட்டும்னுதான் கேட்டேன்."

"நான் என்ன கேட்டுட்டேன்? வந்து எடுத்துக்கன்னேன், அவ்வளவுதான?"

"அதுதான் பெரிசு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

காலையில் படிக்கட்டில் குல்யாஷைப் பார்த்தேன். "ரெண்டும் மேஜையிலயே கெடக்கு தம்பி. தொடைக்கறதுக்குக்கூட நகத்த பயமா இருக்கு. மாமனும் மருமகளும் மூஞ்சியே பாத்துக்கல. அவரு நேத்து சாயங்காலம் டீ குடிக்கக்கூட ஜன்னல்கிட்ட போகல."

7

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் டாங்கிளை எடுத்துக்கொள்கிறாள். ரிஸ்பெக் சிரித்த முகமாகத் தருகிறார், வழக்கம் காப்பாற்றப்படுகிறது. விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து அவர் டீ குடிக்கும் காட்சியை என்னால் எழுத முடியவில்லை.

அவள் சாவியை எடுத்துக்கொள்கிறாள். கார் முற்றத்தில் நிற்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் ரிஸ்பெக் அதன் மேலிருந்து பனியை வழித்துப் போட்டுவிட்டு, படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறார். அவள் ஒருநாள் வருகிறாள், குற்ற உணர்ச்சியால்— வேண்டாம். அப்படி வருவது வருவதே இல்லை.

இரண்டையும் எடுக்காமல் போகிறாள். அக்கா மகள் கேட்டதை ரிஸ்பெக் மறுத்தார் என்ற பேச்சு தராஸ்வரை போகும். அவர் அதைத் தாங்கமாட்டார்.

8

எழுதி எழுதி அடித்ததில் சற்று முன் இன்னொன்று தோன்றியது. மக்பால் மேஜைக்கு வந்து, "எடுத்துக்கல மாமா, இரவலாக் குடுங்க" என்கிறாள்.

அவ்வளவுதான். இரவல் வாங்கினால் கணக்கில் சேராது. மூன்றாவது முறை இந்த வீட்டிலேயே பத்திரமாக இருக்கும். அவருடைய பொருள் அவளோடு போகும். என்றைக்கு வந்தாலும் திருப்பிக் கொடுக்கலாம், வரமுடியாவிட்டால் இரவல் கொடுத்தவர் காத்திருப்பார், அதில் அவமானம் ஒன்றுமில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. உடனே அவள் வாயில் அதை வைத்து ஒரு பத்தி எழுதினேன், இதுவரை எழுதியதிலேயே நல்ல பத்தி.

[அந்தப் பத்தி இங்கே இருந்தது.]

எடுத்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. என் தலைக்கு நேர் மேலே பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கிறாள், சத்தம் கேட்கிறது. தமிழில் நான் எழுதியதை அவளோ ரிஸ்பெக்கோ ஒருநாளும் படிக்கப்போவதில்லை. எழுதினால் கதைக்கு முடிவு கிடைக்கும், ரிஸ்பெக்குக்குக் கிடைக்காது.

கீழே டாக்ஸி வந்து நிற்கிறது. அந்த இரவல் யோசனையை அவளிடமே சொல்ல நான் மேலே போகிறேன். கீழ்வீட்டுக்காரன், அதிலும் அயலூரான், குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிறான் என்று என்னைத் துரத்திவிடலாம். அவள் கேட்பாளா, அவர் தருவாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நல்லபடியாக எழுதுங்கள், நான் இன்னும் செருப்புகூட மாட்டவில்லை, இதோ