டீச்சர் வீட்டுக் குடமும் ஆதவன் செய்த தொப்பியும்

எங்கள் சந்து ரமணாசிரமத்துக்குப் பின்னால், செங்கம் ரோட்டிலிருந்து இரண்டாவது. இங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. ஒருத்தர் சோப்பு காய்ச்சுகிறார், ஒருத்தி பாசிமணி கோக்கிறாள், போன வருஷம் வரை கொரியர் கொடுத்துக்கொண்டிருந்தவன் இப்போது மூச்சுவிடச் சொல்லித் தருகிறான். அதற்கும் ஆள் வருகிறது. ஆகவே பக்கத்து வீட்டு ஆதவன் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு, தோல் தொப்பி செய்யப் போவதாக அறிவித்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. அதுவரை அவன் கையால் ஆன காரியம் என்று பார்த்தால், ரிப்பேர் செய்கிறேன் என்று பெயர்த்துப் போட்ட சுவிட்ச் போர்டு ஒன்றுதான்.

அவன் மனைவி ஓவியா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். செங்கம் ரோட்டில் கஃபே வைத்திருக்கும் இனியன், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு தொப்பியை முழுசாகக் காட்டினால் கடை அலமாரியில் ஒரு தட்டு தருவதாகச் சொல்லியிருந்தான். அது நடந்தால் தொப்பி. நடக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே அவள் தம்பி வல்லரசு நடத்தும் ஜெராக்ஸ் கடையில் வேலை. வல்லரசு ஆதவனைவிட ஒன்பது வயது சின்னவன். “மாமா, பேப்பர் சொருவுங்க” என்று அவன் வாயால் கேட்பதைவிட ஆதவன் மலையைச் சுற்றி உருண்டே போவான்.

ஆம்பூருக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு தோல் சுருளோடு வந்தான். ஓவியா கேட்டிலேயே மறித்தாள்.

“மாடா?”

“எருமைம்மா.”

எருமை என்றால் வீட்டுக்குள் வரலாமாம். சமையலறைக்கு மட்டும் கூடாதாம். இப்படியெல்லாம் சட்டம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

செய்முறை அவனுக்கு யூடியூபில் கிடைத்தது. ஊறவைத்த தோலைத் தலை அளவுக் கட்டைமேல் இழுத்துக் கட்டிக் காயவிட்டால் தொப்பி. கட்டைக்கு எங்கே போவது? பாத்திரம் போதும் என்று முடிவு செய்தான். தன் தலையை அளந்தான், ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். பிறகு டேப்போடு வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் கட்டிப்பிடித்தான். குக்கர் ஜாஸ்தி. பால் குண்டான் கம்மி. சொம்பு ரொம்பக் கம்மி. கடைசியில் அந்தப் பக்கத்து மதில் வழியாக எட்டிப் பார்த்தான்.

அந்தப் பக்கம் கனகலதா டீச்சர் வீடு. ரிட்டயர் ஆனவர், ஜைனர், ஊர் ஆரணிப் பக்கம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் வீடு. வாசலில் எறும்பு வரிசை போனால் டீச்சர் கோலத்தைத் தள்ளிப் போடுவார். தோல் வேலைக்குப் பாத்திரம் கேட்க, திருவண்ணாமலையில் இத்தனை ஆயிரம் வீடு இருக்க, நம்ம ஆள் பார்த்த வீடு இது.

“டீச்சர், உங்க சின்ன பித்தளைக் குடம் நாலு நாளைக்குக் கிடைக்குமா?”

“எதுக்குப்பா?”

“ஒரு அளவு பாக்கணும்.”

“எடுத்துக்க. சனிக்கெழம காலையில குடுத்துரு. ஊர்ல அபிஷேகம், அந்தக் கொடத்துலதான் தண்ணி எடுப்பேன்.”

குடம் அச்சாக ஐம்பத்தெட்டு. ஆதவன் அதற்கு முத்தம் கொடுக்காத குறை.

செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் குடத்தைக் குப்புறக் கவிழ்த்து, ஈரத் தோலை மேலே போர்த்தி, வயிற்றைத் தாண்டிக் கழுத்து வரைக்கும் இழுத்து, துணிக்கொடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மிச்சத் தோலை விளிம்பாக விரித்துச் செங்கல் வைத்தான். எங்கள் மாடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. நான் வத்தல் காயவைக்கத்தான் போனேன். அந்த வாரம் அதே வத்தல் நாலு முறை காய்ந்தது.

வியாழக்கிழமை கயிற்றை அவிழ்த்தான். பொய் சொல்லக் கூடாது, அசல் தொப்பியாகவே இருந்தது. ஒரே ஒரு குறை, கழலவில்லை. குடத்துக்கு வயிறு பெரிசு, கழுத்து சின்னது. காய்ந்து சுருங்கிய தோல் இரண்டையும் கவ்விக்கொண்டது. குடத்துக்குத் தொப்பி அளவாக இருந்தது, என்ன செய்ய? தேங்காய் எண்ணெய் விட்டார்கள். ஓவியா குடத்தைப் பிடிக்க, அவன் விளிம்பைப் பிடித்து இழுத்தான்.

“என் பிரசவத்துல கூட நான் இவ்ளோ முக்கலங்க” என்றாள் ஓவியா.

வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் டீச்சரைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. “உங்க கொடம் ஆதவன் வீட்டு மாடியில காயுது டீச்சர், நாளைக்கு வேணும்ல” என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு டீச்சர் படியேறினார். அவருக்கு முழங்கால் வலி. துணைக்கு நானும் போனேன்.

“என்னப்பா இது, கொடத்துக்குக் குல்லா போட்டிருக்க?”

“தொப்பி, டீச்சர்.”

டீச்சர் விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினார். “இது தோலா?”

“ரெக்சின் டீச்சர். சோபாவுக்கெல்லாம் போடுவாங்களே.”

“அப்படியா” என்று தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து இனியன் மேலே வந்தான். வந்ததும் மூச்சை இழுத்து மோந்து பார்த்தான்.

“வாசனையே தூக்குதுண்ணா! ஒரிஜினல் லெதர்தானே? ரெக்சின்னா சொல்லிடுங்க, என் கடையில வைக்க மாட்டேன்.”

ஆதவன் டீச்சரைப் பார்த்தான். இனியனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு என்ன வந்தது? நான் மலையைப் பார்த்தேன்.

“ஒரிஜினல்தான்” என்றான். “எருமை.”

டீச்சர் கத்தவில்லை. தொட்ட கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“தோல்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன், அவ்ளோதான் ஆதவா. பொய் சொல்லி என்னத் தொட வேற வச்சிட்ட. இனிமே அது கோயிலுக்கு ஆகாது. நீயே வச்சிக்க.”

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக.

“விடுங்கண்ணா, கொடம் நம்மளது ஆயிடுச்சு” என்றான் இனியன். “வாய்ப்பக்கத்துலேர்ந்து அடிச்சுக் கொடத்தையே நசுக்கி உருவிடுங்க. தொப்பி தப்பிச்சிரும்.”

ஓவியா சுத்தியலோடு வந்தாள். ஆதவன் குடத்தைத் திருப்பினான். தொப்பிக்கு வெளியே தெரிந்தது குடத்தின் வாய் மட்டும்தான். அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: கனகலதா, 1989. கல்யாணச் சீர். ஆதவன் சுத்தியலை ஓங்கினான். ஓங்கியபடியே நின்றான். கீழே படியில் டீச்சரின் காலடி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அடிங்கண்ணா, கடையில ஆளு வெயிட்டிங்.”

ஆதவன் சுத்தியலை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தான். விளிம்பிலிருந்து உச்சி வரை தொப்பியை ஒரே கிழி. இனியன் உச்சுக் கொட்டிவிட்டு, “சீசன் முடியட்டும், பாக்கலாம்” என்று கிளம்பினான். அலமாரித் தட்டும் அவனோடு கிளம்பிவிட்டது. தேங்காய் எண்ணெய் புண்ணியத்தில் குடம் பளபளவென்று வெளியே வந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆதவன் டீச்சர் பின்னால் ஓடினான். அவர் வாங்கவில்லை.

“வேணாம்ப்பா. நசுக்காம உட்டியே, அது போதும்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மாடியில் ஓவியா அந்த யூடியூப் வீடியோவின் மிச்சத்தை ஓடவிட்டிருந்தாள். “ஒட்டிக்கிச்சுன்னா பயப்படாதீங்க மக்களே, லேசா தண்ணி தெளிச்சா தானா கழண்டுரும்” என்றது வீடியோ. ஐயா அதுவரைக்கும் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். ஆதார் நகல் எடுக்க நான் வேங்கிக்கால் போனேன். நகல் எடுக்க எங்கள் தெருமுனையிலும் கடை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. வல்லரசின் கடையில் கூட்டம் நெரிந்தது. “மாமா, பேப்பர் சொருவுங்க!” என்று குரல் வந்தது. மாமா சொருகினார். என் ஆதாரை வாங்கி மிஷினில் வைத்தவர், என் முகத்தைப் பார்க்காமல் அதற்கு மேலே பார்த்தார்.

“சரோஜாக்கா, கொஞ்சம் கொண்டைய அவுருங்களேன், அடுத்த தொப்பிக்கு அளவு பாக்கணும். டீச்சர் கொடத்துக்கு உங்க தலை கரெக்டா இருக்கும் போலருக்கு.”

சட்டைப் பையிலிருந்து டேப் வெளியே வந்தது. நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ஆதார் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.