ஐந்து வீட்டுக்கு ஐந்து ஸ்பீக்கர்

சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் மரப்பால் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன் நான். மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி ஏறும்போதே அது லுக்குட் லோரியா, சிரம்பான் லோரியா என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் சொல்கிற தோரணையில் ஒரு குறையும் இருக்காது. அதை நம்பித்தான் எங்கள் வரிசை வீட்டு லயத்தில் யார் ரேடியோ வாங்கப் போனாலும், "வீரமுத்து அண்ணே, நீங்களும் கூட வாங்க லா" என்று என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். ஊரில் ஆளில்லை, நான் நிபுணன்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் என் மகள் வள்ளிநாயகியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வள்ளி சிரம்பான் பக்கம் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பையன் திருநாவுக்கரசு அதே இடத்தில் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. பையனின் அப்பா கணேசமூர்த்திதான் இடைஞ்சல். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வந்து பாக்குறோம். குடும்பம் எப்படின்னு பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முன் ஓர் இடத்துக்குப் போய், காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர் என்று கேள்வி.

வள்ளி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இவரு இல்லன்னா எனக்கு வேற யாரையும் பாக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு நீங்க எதுவும் செய்யாம சும்மா இருங்க, போதும்."

சும்மா இருப்பது ஞானிகளுக்கே கைகூடாத காரியம். எனக்கு எப்படி வரும்? மாப்பிள்ளை மின்சாதனம் தெரிந்தவர், வீட்டில் ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தேன். அடுத்த நாளே சிரம்பானுக்குப் போனேன். ஹோம் தியேட்டர் செட் என்று அப்போதுதான் கடைகளில் வந்திருந்தது. தோட்டத்தில் ஒருவனிடமும் கிடையாது.

கடையிலிருந்த சீனப் பெண் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, "டுடோக் சினி லா, அங்கிள்" என்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கச் சொன்னாள். உட்கார்ந்து கேட்க நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. நல்ல சாமான். பலாப்பழத்தைத் தட்டுவது போல ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன். பிறகு சத்தத்தை முழுக்க ஏற்றச் சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் போய் நின்று காது கொடுத்தேன். எங்கள் கோயில் திருவிழாவில் மைக்செட்டை அப்படித்தான் பார்ப்போம். அடுத்த தோட்டத்துக்குக் கேட்டால் அது செட். கேட்காவிட்டால் அது கொசு. மருந்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நான் திரும்பிப் போய், "இதையே கட்டிக் குடு" என்றேன். அந்தப் பெண் இன்னொரு தரம் நாற்காலியைக் காட்டினாள். பாவம், பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே ஐந்து ஸ்பீக்கர்கள். நீள நீளமாக ஒயர் வேறு. எங்கள் லயத்தில் ஐந்து வீடு. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

இதைச் சொன்னால் டவுனில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்கு ரேடியோ வந்தாலும் அதிலிருந்து ஒயர் இழுத்துப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு ஸ்பீக்கர் கொடுத்துவிடுவோம். வீட்டுக்கு வீடு இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி இருக்கும். அதன் வழியாக ஒயரும் போகும், சண்டையும் போகும், கருவாட்டு வாசமும் போகும். ஐந்து ஸ்பீக்கரையும் அவ்வளவு ஒயரையும் பார்த்ததும், 'ஜப்பான்காரன் எங்கோ லயத்தில் குடியிருந்திருக்கிறான்' என்றுதான் எனக்குத் தோன்றியது. கூட வந்த புத்தகத்தை என் மனைவி மங்கம்மா எடுத்து நீட்டினாள். "படம் பாத்து மாட்ட நான் என்ன கத்துக்குட்டியா?" என்று அதை மடித்து ஆடுகிற மேசைக்கால் கீழே வைத்தேன்.

எனக்கு ஒன்று வைத்துக்கொண்டு மற்றதை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வலது பக்கத்து செல்லம்மா அக்காவுக்குக் குட்டையாக, அகலமாக இருந்த ஒன்று. அவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கங்காணி ராமசாமி மண்டோருக்குச் சின்னதாக ஒன்று. மீதி இரண்டும் இடது பக்கத்து இரண்டு வீட்டுக்கு. ரிமோட்டில் எறும்புப் புற்று மாதிரி பொத்தான்கள். அதில் சிவப்புப் பொத்தானும், சத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் எனக்குப் போதும். மற்றவை எதற்கென்று செய்தவனுக்கே தெரிந்திருக்காது. சாயங்காலம் ஒரு படத்தைப் போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

கதாநாயகன் வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. பின்னால் வயலின் மட்டும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம்மா அக்கா வீட்டில் அவன் கணீரென்று பேசிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் கொறைங்க தம்பி, காது கிழியுது!" என்றார் அக்கா.

"என்னாது கொறைக்கிறது? ஏத்துங்க லா! இங்க ஒரு எழவும் கேக்கல!" என்று ராமசாமி மண்டோர் அதற்கும் அப்பாலிருந்து கத்தினார்.

ஏற்றினேன். அக்கா திட்டினார். இறக்கினேன். மண்டோர் திட்டினார். படத்தில் மழை பெய்தபோது மட்டும் மண்டோர் வீட்டில் 'சோ'வென்று கேட்டதாம். நிஜ மழை என்று நினைத்து அவருடைய மனைவி கொடித்துணியை எடுக்க ஓடியிருக்கிறார். அதோடு மண்டோருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேராக வாசலுக்கு வந்துவிட்டார்.

"நல்லத நீ வச்சிக்கிட்டு செத்துப்போனத எனக்குக் குடுத்திருக்கியே வீரமுத்து. குடுக்காமயே இருந்திருக்கலாம்ல?"

"அண்ணே, எல்லாம் ஒரே பொட்டியில வந்ததுண்ணே."

"போயா, போ! என்னைய என்னா பச்சப்புள்ளைன்னு நெனச்சியா?"

இடது பக்கத்து வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சனிக்கிழமைக்குள் ஐந்து வீட்டில் நான்கு வீடு எங்களோடு பேசுவதில்லை. எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தால் லயமே வாசலில் நிற்கும். ஒரு வீட்டு நாற்காலி, ஒரு வீட்டுத் தட்டு, ஒரு வீட்டுப் பலகாரம் என்று வந்து சேரும். அவர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கதவும் திறக்கவில்லை. மங்கம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால் தனியாக உட்கார்ந்து அழுதாள். வள்ளி அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அவள் அழுதே இருக்கலாம்.

கணேசமூர்த்தி மகனோடு வந்தார். வாசலிலேயே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "என்னாங்க, அக்கம்பக்கம் யாரும் வரலியா?" என்றார். அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாத குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள்? பேச்சை மாற்றுவதற்காக, அறிவுகெட்ட நான் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

ஊமைப்படம் ஓடியது. அடுத்த வீட்டில் வசனம் கேட்டது. மாப்பிள்ளை திருநாவுக்கரசு எழுந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். கூரைப் பக்கம் ஏறிப் போகும் ஒயர்களைப் பார்த்தார். "மாமா, மத்த ஸ்பீக்கர்லாம் எங்க?"

"வீட்டுக்கு ஒண்ணா குடுத்துட்டேன்" என்றேன்.

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "மாமா, இது அஞ்சும் ஒரே வீட்டுக்கு. நடுவுல நாம உக்காந்துக்கணும், சுத்திலும் இத வைக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சத்தம் வரும்."

சீனப் பெண்ணின் நாற்காலி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. "இருங்க, நான் போய் வாங்கிட்டு வர்றேன்" என்று மாப்பிள்ளை கிளம்ப, "நானும் வர்றேன்" என்று கணேசமூர்த்தியும் எழுந்தார். எனக்கு விளங்கிவிட்டது. பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க அந்த மனுசனுக்கு இதைவிடத் தோதான சாக்கு கிடைக்காது. அதுவும் எங்கள் மேல் கொதித்துக்கொண்டிருக்கும் வீடுகளில்!

செட்டை அணைத்தேன். சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக எல்லாம் தெளிவாகக் கேட்டது. என் ஜன்மத்தில் அவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"ஐயா, இது கெட்டுப்போகல. இது பின்னால வைக்கிறது. மழ, இடி, துப்பாக்கி, இதுக்கு மட்டுந்தான் சத்தம் வரும்" என்றது மாப்பிள்ளையின் குரல்.

மண்டோர் சிரித்தார் பாருங்கள், பலகைச் சுவர் அதிர்ந்தது. "அடப்பாவி! அந்த மடப்பய வேணும்னு செய்யல! தெரியாமத்தான் பிச்சிக் குடுத்திருக்கான்!"

கணேசமூர்த்தியின் குரல் தணிந்து வந்தது. "பொண்ணு எப்படிங்க?"

"பொண்ணா? தங்கம். என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேலைக்கி லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே இருந்திச்சி."

"அப்பா?"

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வள்ளி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கிறுக்கன்" என்றார் மண்டோர். உடனே செல்லம்மா அக்கா தன் வீட்டிலிருந்தபடியே சேர்ந்துகொண்டார். "சரியான கிறுக்கங்க! ஒரு சாமான் வாங்கத் தெரியாது, மாட்டத் தெரியாது. ஆனா அது வீட்டுக்கு ஒரு பொருள் வந்தா எங்க வீட்டுக்கும் வந்த மாதிரி. எதையும் தனியா வச்சிக்கத் தெரியாத மனுசன். இந்தப் புள்ளைய மட்டும் எப்படிக் குடுக்கப்போவுதோ, தெரியல."

கணேசமூர்த்தி திரும்பி வந்தார். கையில் மண்டோர் வீட்டு ஸ்பீக்கர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தார். "எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற வள்ளியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்தக் கை இனி வேறு வீட்டுக்குப் போகப்போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை, சம்பந்தி, மங்கம்மா மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

வலது பக்கச் சுவருக்கு மேலிருந்து, "சம்மதம்னு சொல்லுங்க தம்பி!" என்றார் செல்லம்மா அக்கா.

"சம்மதம்!" என்றார் அதற்கு அப்பாலிருந்து மண்டோர். இடது பக்கத்து இரண்டு வீட்டிலிருந்தும், "சம்மதம் லா, சம்மதம்!" என்று குரல்கள் வந்தன.

நடுவில் நின்றுகொண்டு நான் தலையை மட்டும் ஆட்டினேன்.