கொக்கியின் கை

"அந்த ஆளுக்குக் கண்ணு சரியில்லக்கா. ஸ்கொயர் லெக்ல நின்னுக்கிட்டு..."

"அவர் கண்ண விடு. உன் கை எங்க போச்சு, அதச் சொல்லு."

"நான் சொல்றத முழுசாக் கேக்காம..."

"ஒரு தடவ நோ-பால் குடுத்தா கண்ணு சரியில்லன்னு சொல்லலாம். மூணு தடவ குடுத்திருக்கார். மூணு தடவையுமாடா கண்ணு சரியில்ல?"

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க."

டீச்சர் என்ன சொல்வார். நாற்காலியில் தலையைச் சாய்த்து, ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இமையையும் இழுத்துப் பிடித்தபடி, ஒரு புருவம் முடிந்து இன்னொன்று பாதியில் நிற்கக் கிடந்தார். "எனக்கு கிரிக்கெட் தெரியாதுப்பா. உன் மேல இருக்கற கோபத்த என் புருவத்துல காட்டாம இருந்தா சரி" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அக்கா நூலைப் பல்லில் கடித்தாள். அவளுடைய பார்லரில் இது ஒரு தொல்லை. புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனை பல்லில் இருக்க வேண்டும். பல்லில் நூல் இருந்தால் வாய் பேச முடியாது. தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். அவள் குனியும் நேரமெல்லாம் அவன் பேசினான். அவள் நூலைத் துப்பிவிட்டு நிமிர்ந்ததும் நிறுத்தினான். அதிலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவனுடைய கிளப் ஆட்டத்தில் அவன் பந்து போட வந்தான். கிளப்பில் அவன்தான் முதன்மைச் சுழற்பந்துக்காரன், ஆறு வருஷமாக. முதல் ஓவரிலேயே பக்கவாட்டில் நின்ற அம்பயர் நோ-பால் என்று மூன்று முறை கையை நீட்டிவிட்டார். முழங்கையை மடித்து நீட்டி விட்டால் அது பந்துவீச்சு இல்லை, எறிதல். கிளப் கேப்டன் அவனிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் அம்பயர் எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை கிரிக்கெட் சங்கத்துக்காரர்கள் முன்னால் அவன் வீசிக் காட்ட வேண்டும். கை நேராக இருந்தால் பிழைத்தான். இல்லையென்றால் அவன் இனி எந்த மைதானத்திலும், எந்த ஆட்டத்திலும் பந்தைத் தொட முடியாது.

"கை தன்னால மடங்குதுக்கா. நேராத்தான் போடறேன்னு நெனச்சேன்" என்றான், அவள் பல்லில் நூல் இருந்தபோது.

அவள் நூலைத் துப்பினாள். "தன்னால எப்படி மடங்கும்? ரெண்டு மாசமா மடக்கி மடக்கிப் பழக்குனது யாரு?"

அவன் முழங்கையை மறு கையால் மூடிக்கொண்டான். டீச்சர் இமையைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டார்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்த வரம் உண்டு. யாரைப் பார்த்தாலும் அவர்களாகிவிடுவான். அப்பா செருப்பு தேடும்போது குனிகிற மாதிரி குனிவான். தலைமையாசிரியர் மாதிரி நடந்து தலைமையாசிரியரிடமே அடி வாங்கியிருக்கிறான். இந்த வருஷம் டிவியில் வரும் பெரிய லீக் தொடங்கியதும் ஊர் அணிக்கு நெட்ஸில் பந்து போட ஆள் எடுத்தார்கள், இவனும் போனான். நெட் பவுலர் என்றால் என்ன வேலை? பெரிய பேட்ஸ்மேன்கள் அடித்துப் பழகப் பந்து போட்டுக்கொடுப்பது. முதல் வாரம் சாப்பாட்டு இடைவேளையில் விளையாட்டுக்கு எதிரணிக்காரன் ஒருவன் மாதிரி ஓடிவந்து போட்டுக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். துணைப் பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எந்த அணியோடு ஆட்டமோ அந்த அணியின் சுழற்பந்துக்காரனாக இவன் மாற வேண்டும் என்று ஆயிற்று. பெயரும் வைத்துவிட்டார்கள்: ஜெராக்ஸ்.

தெருவே கொண்டாடியது. மளிகைக் கடைக்காரர், ஊர் அணிக் கேப்டன் இவன் தோளில் கை போட்டிருக்கும் படத்தைக் கல்லாவுக்கு மேல் ஒட்டிவைத்தார். அக்காவும்தான் சந்தோஷப்பட்டாள், பொய் சொல்லக் கூடாது. வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் தம்பி பெருமை பேசித்தான் முகத்துக்குக் கிரீம் தடவினாள்.

பிறகு கொக்கி வந்தான். கொக்கி என்பது எதிரணி ஒன்றின் சுழற்பந்துக்காரனுக்கு ஜனங்கள் வைத்த பெயர். பிறவியிலேயே அவன் வலது முழங்கை வளைந்தது, முழுக்க நீளாது. லீக்கின் டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, இது எறிதல் இல்லை, கையே அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். அவன் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊர் அணியில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. முதல் ஆட்டத்தில் விக்கெட்டுகளை வாரிச் சுருட்டிக்கொண்டு போனான். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதாக அரையிறுதியிலும் அவனே எதிரே வர, மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு, தினமும் கொக்கியாகவே போடு என்றார்கள் இவனை. இவன் கை நல்ல கை. நல்ல கையைக் கோணலாக்கிக் கோணலாக்கி, ஒரு பிறவிக் கோணலைப் பாடமாகப் படித்தான்.

"நாளைக்கு நீ நெட்ஸுக்குப் போகாத" என்றாள் அக்கா. டீச்சர் கண்ணாடியில் புருவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழம செமி-ஃபைனல். இப்ப நான் போகலன்னா..."

"சனிக்கிழம உனக்குத்தான்டா ஃபைனல்."

"அடுத்த சீசன் டீம்ல பாக்கலாம்னு கேப்டனே சொல்லியிருக்கார்க்கா. என் முகத்துக்கு நேரா."

"எதுக்கு? கொக்கி மாதிரி போடறதுக்கா? கொக்கி வேணும்னா கொக்கியவே ஏலத்துல எடுத்துட்டுப் போறாங்க. ஒரிஜினல் இருக்கறப்ப ஜெராக்ஸ எவன்டா ஃப்ரேம் போட்டு மாட்டுவான்?"

சொன்ன பிறகுதான் அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். டீச்சர் மெதுவாக, "ரெண்டு புருவமும் ஒரே மாதிரிதான் இருக்கு, கவலப்படாத" என்றார்.

திங்கட்கிழமையும் அவன் போனான். செவ்வாய்க்கிழமை பார்லருக்கு விடுமுறை, அவளும் கிளம்பிவிட்டாள். அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மைதானத்துக்குப் பின்னால் வரிசையாக வலைகள். வாயிற்காவலரிடம், "ஜெராக்ஸோட அக்கா" என்று சொன்ன பிறகுதான் கேட் திறந்தது. இரண்டாம் முறையாக அந்தப் பெயர். கடைசி வலையில் தம்பி ஓடிவந்துகொண்டிருந்தான். அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. டிவியில் பார்க்கும் கொக்கியின் அதே சாய்ந்த கழுத்து, அதே குட்டிக் குதிப்பு, கடைசியில் அதே கோணல் கை. கேப்டன் மட்டையை வீசினார், பந்து சிக்கவில்லை. "அடப்பாவி, அவனே போட்ட மாதிரி இருக்கே" என்று சிரித்தார். தம்பி வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் அவனுடையது.

துணைப் பயிற்சியாளர் நாற்காலி எடுத்துப் போட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். கோபப்பட ஒரு பிடி கிடைத்தால்தானே கோபப்படுவது.

"ஜெராக்ஸோட அக்காவா? உக்காருங்கம்மா. அவன் இல்லன்னா எங்க பாடு திண்டாட்டம்."

"அவனுக்கு ஒரு பேரு இருக்கு சார்."

"இல்லாம இருக்குமா?" என்று சிரித்தார். என்ன பேர் என்று மட்டும் கேட்கவில்லை.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"சங்கத்துக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். உங்க வேலைக்காகத்தான் கை இப்படி ஆயிடுச்சு, சரி பண்ணிக்கக் கொஞ்சம் டைம் குடுங்கன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"அது அவங்க விஷயம்மா. நாங்க மூக்க நுழைச்சாத் தப்பாப் போயிடும்."

"கொக்கி மாதிரி போடுன்னு சொன்னது யாரு?"

"சொன்னோம். கத்துக்குடுக்கலையே. டிவி பாத்து அவனாவே போட்டான். அது கடவுள் குடுத்த தெறம." அவர் வலைப் பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. வீட்ல கைய நேராக்கறேன்னு அவன் எதையும் பண்ணாமப் பாத்துக்கங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும்தான். படிஞ்ச கை கலைஞ்சிடுச்சுன்னா எங்களுக்குக் கஷ்டம்."

அக்காவின் பற்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டன. நடுவில் நூல் இல்லை. பேசியிருக்கலாம். பேசினால் தம்பியை இன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் சாகும்வரை அக்காவால்தான் போயிற்று என்பான். பேசாவிட்டால் சனிக்கிழமை போய்விடும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிற மரியாதை இது. "உங்க கஷ்டம்" என்றாள். "உங்க கஷ்டம் பெரிய கஷ்டம்தான் சார்." அவர் அதைப் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார்.

வெளியே வரும்போது வலைக்கு அடியில் நழுவி வந்த பந்து ஒன்று அவள் காலருகே நின்றது. "பந்து, பந்து" என்று யாரோ கத்தினார்கள். தம்பி அவளைப் பார்த்துவிட்டான், முகம் வெளிறிப்போயிற்று. அவள் குனிந்து பந்தை எடுத்தாள், கைப்பையில் போட்டாள், ஜிப்பை இழுத்து மூடினாள். நடந்தாள். ஒருவரும் பின்னால் வரவில்லை. அவர்களுக்கு இன்னும் ஒரு கூடை நிறையப் பந்து இருந்தது.

சாயங்காலம் அவன் வந்தபோது அவள் வீட்டுக்குக் கீழே, வண்டிகள் நிற்குமிடத்தில், கடைசித் தூணுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். அந்தத் தூண்தான் அவர்களுக்கு எப்போதும் ஸ்டம்ப். அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் அங்கே கீப்பிங் நின்றிருக்கிறாள். அவனுடைய பந்து ஒன்று உண்டு: வெளியே திரும்பும் என்று சத்தியம் பண்ணிவிட்டு நேராக வரும். அதை நம்பிக் கையை வெளியே கொண்டுபோன ஒரு நாள்தான் அவளுடைய இடது சுண்டு விரல் உடைந்தது. விரல் இன்றும் கோணல். பார்லரில் யாராவது கேட்டால், "எங்க தம்பி போட்ட பந்து" என்று காட்டுவாள், மோதிரம் காட்டுகிற மாதிரி.

"அங்க வந்து மானத்த வாங்கிட்ட" என்றான்.

"இருந்தாத்தானடா வாங்கறதுக்கு." கைப்பையிலிருந்து பந்தை எடுத்து அவனை நோக்கி எறிந்தாள். "போடு."

"கை வலிக்குதுக்கா."

"எந்தக் கை? உன்னோடதா, அவனோடதா?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகப் போட்டான். கழுத்து சாய்ந்தது, கை கோணியது. பந்து அவள் உள்ளங்கையில் வந்து அறைந்தது. "கொக்கி" என்று திருப்பி எறிந்தாள். இன்னொன்று. "கொக்கி." அவன் ஓட்டத்தை மாற்றினான், தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தான். "பச்ச டீம்காரன்." வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். "நாக்க நீட்டல, பாத்துக்கோ. அவன் நாக்க நீட்டுவான்." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கை நீட்டிப் போட்டான். மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். அந்த சீசனின் சுழற்பந்துக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தத் தூணை நோக்கி ஓடிவந்து போனார்கள். அவள் எல்லாவற்றையும் பிடித்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு அவன் தூரமாகப் போய், பழைய இடத்தில், சுவரோரம் நின்றான். ஒரு அடி வைத்தான். நின்றான். திரும்பவும் சுவரோரம் போனான். இந்த முறை இடது காலை முன்னால் வைத்துப் பார்த்து, எடுத்து, வலது காலை வைத்துப் பார்த்தான். பந்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மாடியில் கைதட்டல் நின்றுவிட்டது.

அக்கா இரண்டு வண்டிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக் குனிந்து, கோணல் விரலோடு இரு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. இப்ப நீ வாடா."